கடைசி வரிசைக்குப் போகும் சொல்

ஆண்டு விழாவுக்கு முதல் நாள் மாலை, ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். ஒன்று, பள்ளிக்கு ஒரு முன்னாள் மாணவர் அன்பாக வாங்கித் தந்த ட்ராலி ஸ்பீக்கர். அடியில் சக்கரம், முகப்பில் வண்ண விளக்குகள், பக்கவாட்டில் '10,000 வாட்ஸ்' என்று பளபளக்கும் ஸ்டிக்கர். இன்னொன்று, மைக் செட்காரர் தன் வண்டியிலிருந்து இறக்கிய கறுப்புப் பெட்டி. அதன் பின்பக்கத் தகட்டில் 300 வாட்ஸ் என்றுதான் இருந்தது. தமிழாசிரியர் பரிசு பெறும் மாணவர்களின் பட்டியலை இரண்டிலும் மாறி மாறி வாசித்தார். நான் மைதானத்தின் கோடியில், வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். ட்ராலி பெட்டியிலிருந்து ஒரு கனத்த முழக்கம் வந்தது. யார் பெயரை வாசிக்கிறார் என்பது பிடிபடவில்லை. கறுப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பெயரும் இன்ஷியலோடு வந்து சேர்ந்தது.

"வாட்ஸைப் பாக்காதீங்க சார்" என்றார் மைக் செட்காரர். "கடைசியில ஒரு ஆள நிறுத்திக் கேட்டுப் பாத்துட்டு வாங்குங்க."

முப்பது ஆண்டுகளாகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டியவர் அவர். அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு ஒலியியல் இருக்கிறது. பள்ளிக்கு, நூலக வாசகர் வட்டத்துக்கு, ஊர்க் கூட்டத்துக்கு என்று கையில் தூக்கிப் போகும் ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மேடையில் நின்று யோசிக்கிறார்கள். வேப்பமரத்தடியில் இருந்து யோசித்தால் எந்தப் பெட்டி, எத்தனை, எங்கே, எவ்வளவு உயரத்தில் என்ற கேள்விகள் எல்லாமே வேறு விதமாக விடை பெறும்.

முதலில் அந்த வாட்ஸ். மாடு வாங்கப் போகிறவர் அது எவ்வளவு தீனி தின்னும் என்று கேட்டு விலை பேசுவதில்லை. எவ்வளவு கறக்கும் என்றுதான் கேட்கிறார். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் தின்னும் தீனி. 1 வாட் மின்சாரம் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 92 டெசிபல் தரும் ஒரு சாதாரண ஸ்பீக்கர், உண்மையில் அந்த மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக மாற்றுகிறது. மீதி 99 பங்கும் சூடு. காந்தத்துக்குள் அசையும் செப்புக் கம்பிச் சுருளைச் சூடேற்றவே நம் மின்சாரம் பெரும்பாலும் செலவாகிறது. சூடேறிய செம்பின் மின்தடை உயர்கிறது. தடை உயர்ந்தால் உள்ளே போகும் திறன் குறைகிறது. விழா தொடங்கிய வேகத்தில் கேட்ட சத்தம் ஒரு மணி நேரம் கழித்துச் சற்று மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கும் மேலே திருகினால் 'காயில்' எனப்படும் அந்தச் சுருள் கருகும். அந்த வாசனையை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஸ்டிக்கரில் இருந்த 10,000 ஒரு தனிக் கதை. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் பெட்டிகளின் மேல் அச்சாகும் அந்த எண்ணுக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறையே இல்லை. தொடர்ந்து எவ்வளவு திறனைத் தாங்கும் என்பதைச் சொல்லும் எண்ணையே, அதாவது ஆர்.எம்.எஸ். என்று தகட்டில் எழுதியிருப்பதையே, பார்க்க வேண்டும். அதுகூடப் பாதித் தகவல்தான். கேட்க வேண்டிய எண் 'மேக்ஸிமம் எஸ்.பி.எல்.' என்று விவரத்தாளில் இருப்பது: 1 மீட்டரில் அந்தப் பெட்டி தரக்கூடிய உச்ச ஒலி அழுத்தம், டெசிபலில். அந்த எண்ணைச் சொல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

டெசிபல் கணக்கு ஒரு முறை கைவந்துவிட்டால் விற்பனையாளரின் பேச்சு நம்மை அசைக்காது. திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். அந்தப் 10 டெசிபல் கூடும்போதுதான் நம் காது 'சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது' என்று உணர்கிறது. ஆகவே 250 வாட்ஸ் பெட்டிக்குப் பதிலாக அதே திறமையுள்ள 1000 வாட்ஸ் பெட்டியை வாங்கினால் கிடைப்பது 6 டெசிபல் மட்டுமே. இந்த 6 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி வரப்போகிறது.

திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் விரிந்துகொண்டே போவதால், தூரம் இரண்டு மடங்கானால் அது 6 டெசிபல் குறைகிறது. நம் மைதானத்தில் மேடையிலிருந்து வேப்பமரம் 40 மீட்டர். பிள்ளைகளும் பெற்றோரும் கூடிப் பேசும் இரைச்சல் 65 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு சிரமமில்லாமல் புரிய, அது இரைச்சலைவிட 15 டெசிபலாவது ஓங்கியிருக்க வேண்டும். அப்படியானால் மரத்தடியில் 80 தேவை. 40 மீட்டரில் ஒலி இழப்பது 32 டெசிபல். எனவே பெட்டியின் அருகே, 1 மீட்டரில், 112. பேச்சு ஒரே சீராக இருப்பதில்லை. அதன் உச்சங்கள் சராசரியைவிட 12 டெசிபல் வரை எகிறும். ஆக 124 டெசிபல் உச்சம் தரும் பெட்டி வேண்டும். 12 அங்குலக் கூம்பு கொண்ட, ஒரு நல்ல பெட்டிக்கு இது எட்டும் அளவுதான்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பெட்டியை மேடையோரத்திலிருந்து எடுத்து, கூட்டத்தின் பாதித் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் மரத்துக்கு அது 20 மீட்டர்தான். கிடைக்கும் லாபம் 6 டெசிபல். 250 வாட்ஸிலிருந்து 1000 வாட்ஸுக்குப் போனதால் கிடைத்த அதே 6, பத்து நிமிட உழைப்பில், ஒரு நீள ஒயரின் விலையில். இதனால்தான் ஒரே ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு நடுத்தரப் பெட்டிகளைச் சிபாரிசு செய்கிறேன்.

முன்வரிசையின் துன்பத்தையும் பார்க்க வேண்டும். கடைசி வரிசைக்கு 80 கிடைக்க, பெட்டியிலிருந்து 2 மீட்டரில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 106 போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பொது அரங்குகளுக்காக வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. வேலையிடங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு, 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று தொடங்கி ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது: 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. அந்தக் குழந்தைகள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். காதின் உட்புறத்தில் உள்ள மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இதற்கு எளிய மருந்து உயரம். நல்ல பெட்டிகள் பெரும்பாலானவற்றின் அடியில் 35 மில்லிமீட்டர் குழாய் நுழையும் ஒரு குழி இருக்கும். மூன்று கால் ஸ்டாண்டில் அதைச் செருகி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் 2 மீட்டர் உயர்த்தினால், முன்வரிசைக் குழந்தைக்கு இருந்த 2 மீட்டர் தூரம் 2.8 மீட்டராகிறது, தூரத்தால் மட்டுமே 3 டெசிபல் குறைகிறது. அதோடு, பெட்டியின் உயர் சுருதிக் குழல் செங்குத்தாக 60 பாகை அளவுக்கே ஒலியை விரிப்பதால் அந்தக் குழந்தை அதன் கற்றைக்குக் கீழே போய்விடுகிறது. வேப்பமரத்தடிக்கோ எந்தக் குறையும் இல்லை. இன்னும் தெளிவாகவே கேட்கும், ஏனென்றால் நடுவில் தலைகள் மறைக்காது. பெட்டியைத் தரையிலோ நாற்காலியிலோ வைத்துவிட்டு வாட்ஸ் போதவில்லை என்று வருந்துபவர்கள் ஏராளம். ஸ்டாண்டு வாங்கப் பணமில்லை என்றால் பெட்டியின் அளவைக் குறைத்தாவது ஸ்டாண்டு வாங்குங்கள். காற்றடிக்கும் மைதானத்தில் அதன் கால்களின் மேல் மணல் மூட்டை வைக்க மறக்காதீர்கள்.

தலைகள் மறைக்கும் என்றேன். ஏன் சில ஒலிகளை மட்டும் மறைக்கின்றன? நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் முழக்கத்தின் ஓர் அலை 3.5 மீட்டர் நீளம். மனிதர்களைச் சுற்றி வளைந்து போய்விடும். 3500 ஹெர்ட்ஸில் ஓர் அலை வெறும் 10 சென்டிமீட்டர். ஒரு தலை அதைத் தடுக்கப் போதும். பேச்சின் பொருளைச் சுமப்பவை இந்தச் சின்ன அலைகள்தாம். மாடு, காடு, பாடு, நாடு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நான்கிலும் நெடிலோசை ஒன்றே, பின்னால் வரும் 'டு' ஒன்றே. முதலில் உதடோ நாக்கோ செய்யும் ஒரு நொடிக்குள் மறையும் அசைவில்தான் நான்கும் நான்காகின்றன. உயிரோசையின் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே திரண்டிருக்கிறது. மெய்யைப் பிரித்துக் காட்டும் குறிகளில் முக்கியமானவை அதற்கு மேலே, 4000 வரையும் அதைத் தாண்டியும். ட்ராலி பெட்டி அன்று செய்தது, உயிரை மட்டும் ஊதிப் பெருக்கி மெய்யை விழுங்கியது.

குரல் தூரம் போக வேண்டும் என்ற தேவை மின்சாரத்துக்கு முந்தியது. எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற நாடக மேடைப் பாடகர்கள் உச்சக் கட்டையில் பாடியதற்குக் கலைச் சுவையோடு ஓர் இயற்பியல் காரணமும் உண்டு. மனிதக் காது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில்தான் மிகக் கூர்மையானது. மேல் சுருதியில் திறந்த தொண்டையோடு பாடும்போது அந்தப் பகுதியில் ஆற்றல் சேர்கிறது. கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்காரருக்கும் பாட்டு எட்டுகிறது. கிட்டப்பா 1933-இல் 27 வயதில் மறைந்தார். மைக் பரவிய பிறகு அந்தச் சிரமம் பாடகர்களுக்கு இல்லாமல் போனது; தணிந்த சுருதியில், நுணுக்கமாகப் பாடும் வழி திறந்தது.

அதே காலகட்டத்தில்தான் பெட்டியும் பிறந்தது. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் ப்ரிதாமும் கலிஃபோர்னியாவில், காந்தப் புலத்தில் கம்பிச் சுருளை அசையவிட்டு, அதன் எதிரே பெரிய குழலைப் பொருத்தினார்கள். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் கூடிய பெருங்கூட்டம் அதைக் கேட்டது. 1919-இல் சான் டியேகோ விளையாட்டரங்கில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவர்களின் கருவி வழியே சுமார் 50,000 பேரிடம் பேசினார். குழல் இல்லாமல் காகிதக் கூம்பையே நேராக அசையவிடும் வடிவத்தை 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்டார்கள். இன்று நாம் தூக்கிப் போகும் பெட்டியில் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் மேலும் கீழுமாக உட்கார்ந்திருக்கின்றன: கீழே காகிதக் கூம்பு, மேலே சிறிய குழல்.

நம் ஊர்த் தென்னை மரங்களிலும் கோயில் கோபுரங்களிலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஜென்சனின் நேரடி வாரிசு. அதைப் பழித்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதன் திறமையை மதிக்க வேண்டும். சின்னஞ்சிறு சவ்வுக்கும் பரந்த காற்றுக்கும் இடையே குழல் ஒரு தரகர் போல் வேலை செய்கிறது. நெருக்கமான அழுத்தத்தைச் சிறுகச் சிறுக அகன்ற அசைவாக மாற்றுகிறது. 1 வாட்டுக்கு 105 டெசிபல் தரும் குழாய், 95 தரும் பெட்டியைவிட 10 டெசிபல் முன்னால் நிற்கிறது. அதாவது 30 வாட்ஸில் அது செய்வதைப் பெட்டி செய்ய 300 வாட்ஸ் வேண்டும். ஆனால் அதனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. மத்தளம் இல்லை, குரலின் கனிவு இல்லை. மெய்யெழுத்துகள் மட்டும் கூர்மையாக வயல் தாண்டிப் போகும். மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் பாட்டு நம் வாசலில் கேட்பதற்குக் குழாயோடு வானிலையும் ஒரு காரணம்: தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது ஒலி மேலே போய்த் தொலையாமல் தரையை நோக்கி வளைகிறது.

இன்றைய பெட்டி இந்த இரண்டு குணங்களையும் இணைக்கிறது. 2000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓரிடத்தில் ஒலியை இரண்டாகப் பிரித்து, கீழ்ப் பகுதியைக் கூம்புக்கும் மேல் பகுதியைக் குழலுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் மூலம் அனுப்புகிறது. முன்பு மைக் செட்காரர் மரப்பெட்டியில் தனியாகத் தூக்கி வந்த ஆம்ப்ளிஃபயர் இப்போது ஸ்பீக்கரின் முதுகிலேயே இருக்கிறது. இதைச் சாத்தியமாக்கியது 'கிளாஸ் டி' எனும் மின்சுற்று. பழைய ஆம்ப்ளிஃபயர் தண்ணீர்க் குழாயைப் பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியது. தடுத்த மின்சாரமெல்லாம் சூடாகி வீணானது. கிளாஸ் டி, முழுதாகத் திறப்பது, முழுதாக மூடுவது என்ற இரண்டை மட்டும் வினாடிக்குப் பல லட்சம் முறை செய்கிறது. திறந்திருக்கும் நேரத்தை நீட்டியும் குறைத்தும் ஒலியை வரைகிறது. பத்தில் ஒன்பது பங்கு மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வதால் சூட்டை வெளியேற்றும் கனத்த உலோகத் தகடும் பெரிய மின்மாற்றியும் தேவையில்லை. ஒருவரே தூக்கும் எடையில் பெட்டி வந்தது இப்படித்தான். உள்ளே இருக்கும் சிறிய கணினி, யாராவது எல்லை தாண்டித் திருகினால் அதை அடக்கி, காயிலைக் காப்பாற்றுகிறது. முகப்பில் 'லிமிட்' என்ற சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால், பெட்டி கும்பிட்டுக் கேட்கிறது என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள்.

அளவு பற்றி என் கருத்து: பேச்சு, கவிதை வாசிப்பு, ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டு என்றால் 10 அங்குலம் போதும். நடனம், திரைப்பாட்டு என்றால் 12. 15 அங்குலத்தைத் தூக்கிப் போகிற வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பதில்லை. கூம்பு பெரிதாகப் பெரிதாக அதன் மேல் சுருதிகள் குறுகிய கற்றையாகி, ஓரத்தில் இருப்பவருக்கு மங்குகின்றன. பேச்சுக்கு 'பேஸ் பூஸ்ட்' பொத்தானை அணைத்து வையுங்கள். 'லோ கட்' இருந்தால் 100 ஹெர்ட்ஸில் போட்டுவிடுங்கள். குரலுக்கு நஷ்டமில்லை, காற்றின் இரைச்சலும் மேடைப் பலகையின் திம் திம்மும் போய்விடும். பறைக்கும் தவிலுக்கும் நாகசுரத்துக்கும் மைக் வைக்காதீர்கள். திறந்த வெளிக்கென்றே தலைமுறைகள் செதுக்கிய கருவிகள் அவை.

மைதானத்தில் வென்ற பெட்டி கல்யாண மண்டபத்தில் தோற்கும். அங்கே எதிரி வேறு. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. வாலஸ் சாபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ஊர் அடங்கிய நள்ளிரவுகளில், ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி முற்றிலும் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். வெற்று அறையில் 5.5 வினாடி. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அடுக்கி அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி மடியும் நேரம் வினாடிகளில் வரும்.

நம் மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம்: 2700 கன மீட்டர். தரையில் டைல்ஸ், சுவரில் சிமென்ட். சுற்றிலும் 1440 சதுர மீட்டர் பரப்பு, தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு 5 பங்கைத்தான் உறிஞ்சுகிறது என்றால் 72 சதுர மீட்டர் உறிஞ்சல். மடியும் நேரம் 6 வினாடி. காலையில் வெறும் மண்டபத்தில் மைக் சோதிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் முந்திய சொல்லின் வாலை மிதிக்கிறது. மாலையில் 400 பேர் வந்து உட்கார்ந்ததும், ஆளுக்கு ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் வீதம் 180 கூடி, நேரம் 1.7 வினாடிக்கு இறங்குகிறது. பட்டுப்புடவையும் வேட்டியும் உடம்புமாக வந்திருக்கும் உறவினர்களே அந்த மண்டபத்தின் மெத்தைகள். வெறும் மண்டபத்தில் கேட்டுப் பதறி வால்யூமை ஏற்றி வைப்பது ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

ஏற்றினால் என்ன ஆகும்? பெட்டியிலிருந்து நேராக வரும் ஒலி தூரத்தோடு குறைகிறது. சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி மண்டபம் முழுக்கச் சமமாக நிரம்பியிருக்கிறது. நம் கணக்கு மண்டபத்தில், நிறைந்த கூட்டத்திலும், ஏறக்குறைய 7 மீட்டர் தாண்டியதும் சுவரின் சத்தம் பெட்டியின் சத்தத்தை மிஞ்சிவிடுகிறது. அதற்கப்பால் வால்யூமைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். தெளிவு ஒரு துளிகூடக் கூடாது. செய்ய வேண்டியது, பெட்டியைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, ஒலியைச் சுவரின் மேல் விழாமல் மனிதர்கள் மேல் விழச் செய்வது. அடுத்து, மண்டபத்தின் நடுவில், 15 மீட்டரில், இன்னொரு சோடி பெட்டிகளை மெதுவான வால்யூமில் வைப்பது. மின்சாரம் ஒயரில் உடனே பாய்ந்துவிடும். மேடைப் பெட்டியின் ஒலி அங்கே வந்து சேர 43 மில்லிவினாடி ஆகும். அப்படியே விட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். திருவிழாத் தெருவில் வரிசையாகக் குழாய் கட்டியிருக்கும்போது அறிவிப்பாளரின் ஒரே சொல் மூன்று நான்காகத் தொடர்ந்து வருவதைக் கேட்டிருப்பீர்கள்; அதே சங்கதிதான். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் 'டிலே' அமைப்பு இருக்கிறது. அதை 55 மில்லிவினாடிக்கு வைத்தால், மேடையின் ஒலி முந்தி வர, நடுப் பெட்டி கொஞ்சம் பிந்தி அதற்குத் தோள் கொடுக்கும். முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்புகிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். கடைசியில் இருப்பவருக்கு மேடையே பேசுவது போல இருக்கும்.

இத்தனை செலவும் கணக்கும் மைக் பிடிக்கும் கையில் வீணாகலாம். ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட ஒலி மைக்குக்குள் திரும்பி நுழைந்து, மறுபடி பெருக்கப்பட்டு, மறுபடி நுழைந்து, எந்த ஒரு சுருதியில் ஒரு சுற்றுக்கு இழப்பதைவிடப் பெறுவது அதிகமோ அந்தச் சுருதியில் வீறிடுகிறது. 'மைக் கத்துது' என்கிறோம். இதை விளக்கிய டென்மார்க் இயற்பியலர் சோரன் லார்சன் பெயரால் உலகம் இதை அழைக்கிறது. ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிறுத்துவது முதல் வேலி. பெரும்பாலான கைமைக்குகள் முன்பக்கம் கூர்ந்து கேட்டு, பின்பக்கம் காதை மூடிக்கொள்பவை. ஷூர் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த எஸ்.எம்.58 அந்த வகையில் உலகெங்கும் பரவியது. அந்தக் குணம் மைக்கின் தலையில், வலைக்குப் பின்னால் இருக்கும் காற்று வழிகளால் வருகிறது. சில பாடகர்கள் போல வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்த வழிகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும்; கத்தும். மேடையில் நான்கு மைக் திறந்திருந்தால், ஒன்று திறந்திருப்பதைவிட 6 டெசிபல் முன்னதாகவே கத்தும். பேசாதவரின் மைக்கை அணைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். அதே 6 டெசிபல் விதி இங்கும் நடக்கிறது. 30 சென்டிமீட்டரில் பிடித்த மைக்கை 7.5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தூரம் இருமுறை பாதியாகிறது: 12 டெசிபல், 16 மடங்கு வாட்ஸுக்குச் சமம். நான்கு விரல் கிடை தூரத்தில் பிடித்தால் 300 வாட்ஸ் பெட்டி 4800 வாட்ஸ் பெட்டியின் வேலையைச் செய்கிறது. 'எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்' என்று சிறப்பு விருந்தினர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். முன்வரிசை கைதட்டுகிறது. கடைசியில் உட்கார்ந்திருக்கும், காது சற்று மந்தமான பாட்டி பக்கத்தில் இருப்பவரிடம் 'என்ன சொல்றாரு?' என்று கேட்கிறார், அவருக்கும் தெரியாது.

ஒயர் வேலையில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பெட்டியின் பின்னால் 'மைக்', 'லைன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்ஸரோ கைப்பேசியோ தருவது ஏறக்குறைய 1 வோல்ட். மாற்றிப் போட்டால் ஒன்று கேட்காது, அல்லது கரகரவென்று கிழியும். நீளமான ஒயருக்கு மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். பின்னையே பயன்படுத்துங்கள். அதில் ஒரே ஒலி, ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் மறைந்து குரல் மிஞ்சுகிறது. ப்ளூடூத்தில் பாட்டுப் போடலாம். ஆனால் அதன் வழியே குரலை அனுப்பாதீர்கள், ஒலி பல நேரம் பத்தில் ஒரு வினாடிக்கு மேல் பிந்தும். பேட்டரிப் பெட்டி மின்சாரம் இல்லாத இடத்துக்கு வரம்; பேச்சின் சராசரித் திறன் உச்சத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு அருகில்தான் என்பதால், சின்ன பேட்டரியும் ஒரு கூட்டத்தைத் தாங்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் 'ஹம்' என்று முனகல் வந்தால், மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தோ துண்டித்தோ விடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். முனகல் நிற்கும்; கூடவே மைக் பிடித்திருப்பவரின் உயிருக்கு இருந்த காவலும் போய்விடும். மழை ஈரம் காயாத மண்ணில் வெறுங்காலோடு, உலோக மைக்கைப் பிடித்து ஒரு பிள்ளை பாடப் போகிறாள். எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த் உள்ள பலகையிலிருந்து இணைத்தாலே பெரும்பாலான முனகல் அடங்கும்.

சட்டமும் கடைசி வரிசையைத் தாண்டி ஒரு வரிசையை நினைவில் வைத்திருக்கிறது: அண்டை வீட்டுக்காரர்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அளவு. விழா நடக்கும் பொது இடத்தின் எல்லையில் அந்த அளவைவிட 10-க்கு மேல் கூடவோ 75-ஐத் தாண்டவோ கூடாது, இரண்டில் எது குறைவோ அது. தெருவைப் பார்த்து நின்ற பெட்டியைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, சாய்த்து, பாதித் தூரத்துக்கு நகர்த்தி வைப்பவருக்கு இந்த விதி சுமையாக இருக்காது. உள்ளே தெளிவைக் கூட்டும் அதே வேலைதான் வெளியே கசிவைக் குறைக்கிறது.

அன்று மாலை மைக் செட்காரர் சொன்னதைக் கேட்டு ஒரு சோதனை செய்தோம். தமிழாசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் மாடு, காடு, பாடு, நாடு, கல், பல், நெல், சொல் என்று இருபது சொற்களை வரிசை குலைத்து எழுதிக்கொண்டார். எட்டாம் வகுப்பு மாணவியர் இருவர் நோட்டுப் புத்தகத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பெட்டி தரையில் இருந்தபோது எழுதிய பக்கத்தில் பாதிக்குமேல் அடித்தல் திருத்தல். பிறகு ஸ்டாண்டில் ஏற்றி, பேஸைத் தணித்து, மைக்கை நான்கு விரல் தூரத்தில் பிடித்து, வேறு வரிசையில் வாசித்தார். ஒரே ஒரு சொல் தவறியது. 'நாடு' என்றதை ஒரு பெண் 'மாடு' என்று எழுதியிருந்தாள்.

"இருங்கண்ணே, இன்னொரு தடவ வாசிக்கிறேன்" என்றார் ஆசிரியர். மைக் செட்காரர் பதில் சொல்லாமல் போய், பெட்டியை ஒரு கை அகலம் மரத்தின் பக்கம் திருப்பினார்.